மரியாதை தெரிந்த கொலைகாரி

ஜூன் 2, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த டைரி எனக்காக அச்சடித்ததல்ல. தோல் பதனிடும் ரசாயனம் விற்கிற ஒரு கம்பெனி, அம்மா வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலைக்குக் கொடுத்தது. அங்கே யாரும் எழுதாததால் அம்மாவிடம் வந்தது. அம்மாவும் எழுதாததால் பேரணாம்பட்டிலிருந்து சென்னைக்கு என்னோடு வந்தது. பழைய வருஷத்து டைரி வேறு. கிழமைகளை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் தேதி போட்டு எழுதும்படி இதுவரை யாருக்கும் எதுவும் நடந்ததில்லை. எனக்கும் நடக்கவில்லை. ஆனால் வேலையில் பார்ப்பதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. அதனால் உன்னைத் தொந்தரவு செய்கிறேன்.

வேலை, சாலிகிராமத்தில் ஒரு மாடி டப்பிங் ஸ்டுடியோவில். கீழே பல் ஆஸ்பத்திரி. எங்கள் கதவு சரியாகச் சாத்தாது. மேலே யாராவது அலறினால், கீழே காத்திருக்கிறவர்களில் ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்.

எங்களுக்கு வந்திருப்பவை ஆறு இத்தாலியப் படங்கள். ஐம்பது வருஷம் பழையவை. எல்லாவற்றிலும் கறுப்புக் கையுறை போட்ட ஒருவர் அழகான பெண்களைக் கொல்கிறார். மும்பையில் போனில் படம் காட்டும் ஒரு செயலிக் கம்பெனி இவற்றைத் தமிழில் கேட்கிறது. முதல் படம் தேறினால் மீதி ஐந்தும் எங்களுக்கு. எனக்கும் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் ஆறும் ஹைதராபாத்துக்குப் போய்விடும். நான் ஊருக்குப் போய்விடுவேன். அம்மாவின் தொழிற்சாலை ஆபீஸில் எனக்கு ஒரு நாற்காலி சொல்லி வைத்திருக்கிறார் அப்பா. "பி.ஏ. படிச்ச புள்ள, ஏ.சி.ல உக்காந்துக்கலாம்" என்று சூப்பர்வைசர் சொன்னாராம். அந்த நாற்காலி மாதக் கடைசிவரை காத்திருக்கும்.

வீட்டில் மொழிபெயர்ப்பு வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை.

ஜூன் 3, செவ்வாய்

முதல் படம் பார்த்தேன். பெயர் 'மயிலின் ஏழாவது கண்.' படத்தில் மயிலே இல்லை.

"அவனுங்க அப்படித்தாம்மா" என்றார் மூர்த்தி சார். வசனம் எழுதுகிறவரும் டப்பிங்கை நடத்துகிறவரும் அவர்தான், நான் உதவியாளர். "ஒரு மிருகம், ஒரு நம்பர். டைட்டில் ரெடி. நாம 'ரத்த மாளிகை'ன்னு வச்சிடுவோம்."

ஒரு உடை மாளிகை, அதில் மாடல் பெண்கள். ஒவ்வொரு கொலைக்கும் முன்னால் போன் வரும். ஒரு கிசுகிசுப்பு மட்டும் பேசும். கடைசியில் பார்த்தால் கொலைகாரி, பியானோ சொல்லித்தரும் வெள்ளை முடி அம்மா. நாவல்பழ நிறத்தில் சுவர். பச்சையில் படிக்கட்டு. ஆளில்லாத அறையில்கூடச் சிவப்பு விளக்கு எரிகிறது. ரத்தம், ரத்தம் மாதிரி இல்லை. நெயில் பாலிஷ் மாதிரி இருக்கிறது. யாரோ குழந்தையைத் தூங்கவைப்பதுபோல லா லா என்று பாடும்போதுதான் கத்தி வருகிறது.

சவுண்ட் என்ஜினியர் இருதயம் அண்ணா, "பயந்தியா?" என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டதாகச் சொன்னேன். அவர் சாப்பிடப் போனதும் மூடிய இடங்களையெல்லாம் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நேரக்குறிப்பு எடுக்க வேண்டுமே.

ஜூன் 5, வியாழன்

விடுதியில் என் அறைத்தோழி ஜெபசீலி, சட்டக் கல்லூரி, திருநெல்வேலிப் பக்கம். பெண்கள் அமைப்பு ஒன்றிலும் இருக்கிறாள். தலை குளித்துவிட்டு வந்தவள் என் லேப்டாப்பைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, என்னட்டி இது ஒரே ரத்தமா இருக்கு?"

"ஆபீஸ் வேலை."

"கொல்லுததை விடு. கொல்லுததுக்கு முன்னாடி அவளை எவ்வளவு நேரம் பாக்குதான் பாரு அந்தக் கேமராக்காரன்! ஆம்பள செத்தா பொட்டுனு முடிஞ்சிருது. பொம்பள செத்தா ஒரு பாட்டு நேரம் ஓடுது. இங்க நம்ம ஊர்ல சாவுதது பத்தாதுன்னு இத்தாலியில இருந்து இறக்குமதி வேற. அதுக்கு நீ தமிழ் எழுதிக் குடுக்க."

அவள் சொன்னது சரி. அதில் மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த கொலை வந்தபோது ஈரத் துண்டோடு என் கட்டிலில் உட்கார்ந்தாள். அதற்கடுத்தது முடியும்வரை எழுந்திருக்கவில்லை. ஆதாரத்துக்காகப் பார்த்தாளாம்.

"ஒனக்கு இதுல என்னதாம்ட்டி பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள்.

பிடித்திருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. கொலை பிடிக்கவில்லை என்று சொல்ல வந்தேன். பின்னே எது என்று கேட்பாள். துண்டை வாங்கிக் கொடியில் காயப்போட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். மாலை கோடம்பாக்கம் ஸ்டேஷன் போய் நடைமேடைக் கடைசியில் நின்று ரயில் பார்த்தேன். நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் நல்ல சத்தம் போடுகிறது. தொண்டை கட்டியிருக்கிறது. ஐஸ்க்ரீம்தான் காரணம்.

ஜூன் 11, புதன்

டப்பிங் வசனத்தில் உதடுதான் எஜமான். நடிகையின் உதடு ஒட்டும் இடத்தில் தமிழிலும் ஒரு 'ப', 'ம' வந்தால்தான் பொருந்தும். இந்தப் படத்தில் எதுவுமே பொருந்தவில்லை. மூர்த்தி சார் பேனாவை எறிந்துவிட்டார்.

"சார், ஷூட்டிங்ல அவனுங்க சவுண்டே எடுக்கறதில்ல" என்றார் இருதயம் அண்ணா. "ஹீரோ இத்தாலியன் பேசுவான். அந்தம்மா இங்கிலீஷ் பேசும். போலீஸ்காரன் ஜெர்மன். அப்புறமா எல்லார் வாய்க்கும் உக்காந்து குரல் ஒட்டுவாங்க."

"அப்போ ஒரிஜினலே டப்பிங் படமாடா?"

"ஆமா சார்."

மூர்த்தி சாருக்கு இது பெரிய துக்கம். எனக்கு ஏனோ தைரியமாக இருந்தது. யார் வாயும் யார் சொல்லுக்கும் சொந்தமில்லாத இடத்தில் என் தமிழும் ஓர் ஓரமாக நின்றுகொள்ளலாம்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பாத்திரம் முதுகு காட்டினால் உதடு தெரியாது. அங்கே எதையும் நுழைக்கலாம். மூர்த்தி சார் நகைச்சுவை நுழைப்பார். இன்ஸ்பெக்டர் பிணத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினால், "ஊர்ல பிரியாணி கிடைக்குமாய்யா?" என்று கேட்பார்.

சாகப்போகிற பெண்களும் அடிக்கடி முதுகு காட்டுகிறார்கள். அவர்களுக்குப் படத்தில் பேரே இல்லை. பச்சை போனைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போகிறவளுக்கு எழுதினேன்: "நாளைக்கு ரிசல்ட் வருது. பாஸாயிட்டா அம்மாவுக்குத்தான் முதல் போன்." குளியலறைக்காரிக்கு: "எனக்கு லூச்சியான்னு பேரு இருக்கு. சும்மா அழகி, அழகின்னுட்டு." மாடிப்படியில் சாகிறவளுக்கு: "இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

மூர்த்தி சார் பக்கங்களைப் புரட்டினார். பிரியாணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

ஜூன் 16, திங்கள்

டப்பிங். வத்சலா அம்மா வந்தார். தினமும் மாலை டி.வி. தொடரில் மாமியாருக்குக் குரல் கொடுப்பவர். ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே இருப்பார். பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்ததும் சுளையை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு அலறல். பிறகு சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொள்வார். செத்த பெண்கள் எல்லாருக்கும் அவரேதான் அலறினார். கிசுகிசுக்கும் கொலைகாரிக்கும் அவரையே பேச வைத்துவிட்டார் மூர்த்தி சார். இன்னொருவர் சம்பளம் மிச்சம்.

அலறும்போது அவர் தொண்டையைத் தொடுவதில்லை; அடிவயிற்றில் கை வைத்துக்கொள்கிறார். சும்மா கவனித்தேன்.

மூர்த்தி சாரிடம் ஒன்று கேட்க நினைத்தேன். பல் டாக்டர் மேலே வந்துவிட்டார். "ஒரு பேஷண்ட் பாதிப் பல்லோட ஓடிட்டான் சார்!" அவரைச் சமாதானம் செய்வதற்குள் பொழுது போய்விட்டது. இன்னொரு நாள் கேட்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

மானம் போயிற்று.

மும்பைக் கம்பெனியிலிருந்து ரேணுகா மேடம் வந்தார். அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். உதவியாளர்கள் இருவர். விளக்கை அணைத்தோம். பச்சை போன் ஒலித்தது. கொலைகாரி கிசுகிசுத்தாள்: "நான் உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்..."

"அய்யோ, மாமியாரு!" என்றாள் ஓர் உதவியாளர் பெண்.

அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் பயப்படவில்லை. கத்தி வரும்போதெல்லாம் சிரித்தார்கள். மிரட்டுகிற குரலும் மாமியார், அலறுகிற குரலும் மாமியார். பியானோ அம்மா முதல் காட்சியில் "வாங்க" என்றதுமே கொலைகாரி யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சம்பளம் மிச்சம் பிடித்ததில் மர்மம் போய்விட்டது.

விளக்குப் போட்டதும் ரேணுகா மேடம் சொன்னார். "எங்க ஆபீஸ்லயே இந்தப் படங்களை வாங்கணுமான்னு சண்டை நடக்கறது. பெண்களை இப்படிக் காட்டலாமான்னு பாதிப் பேர். இதுவும் ஒரு கலைதான்னு பாதிப் பேர். நான்தான் நடுவுல நின்னு வாங்கினேன். பயமும் வராம சிரிப்பு வந்தா, நான் எந்தப் பக்கம் போறது? அடுத்த வெள்ளி கடைசி. இல்லேன்னா ஹைதராபாத்." போகிறபோது திரும்பினார். "அந்தப் பச்சை போன் பொண்ணு ரிசல்ட்டுன்னு என்னமோ சொல்றாளே, அது ஒரிஜினல்ல இருக்கா?"

"இருக்கு மேடம்" என்றார் மூர்த்தி சார், கண்ணை இமைக்காமல். கதவு சாத்தியதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அவளுக்கு என்ன ரிசல்ட்டு?"

"முதுகு காட்டினாங்க சார்."

"முதுகு காட்டினா ரிசல்ட் போட்டுடுவியா?"

"நீங்க பிரியாணி போட்டீங்களே சார்."

அவரிடம் நான் பேசியதிலேயே மிகத் துணிச்சலான வாக்கியம் இதுதான். இருதயம் அண்ணா ஹெட்போனால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மா மாம்பழத்தோடு வந்தாள். என்ன வேலை என்று காட்டியே ஆக வேண்டும் என்றாள். போனில் ஒரு கொலையைக் காட்டினேன். பயந்துவிடுவாள், கையோடு கூட்டிப்போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அம்மா போனைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "இன்னாடி அஞ்சு, இன்னா இது! இவ்ளோ நல்ல கிளவ்ஸு, உள்ள பட்டுத் துணி வெச்சித் தெச்சிக்கீறாங்க. அத்தப் போயி ரத்தத்துல முக்குறானே, பாவி!"

"கொலை பண்றாங்கம்மா."

"பண்ணட்டும். கிளவ்ஸைக் கழட்டிட்டுப் பண்ணக்கூடாதா?" பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாங்க தெச்சி அனுப்புறதும் இத்தாலிக்குத்தான் போவுதாம்" என்றாள்.

கிளம்பும்போது, "அப்பா அந்த ஆபீஸ் சீட்டு பத்திக் கேட்டுக்கினே கீறாரு. இன்னா சொல்லட்டும்?" என்றாள். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். "சத்தமா சொல்லுடி, நீ பேசுறது எனக்கே கேக்கல" என்றாள்.

அவளை ரயிலேற்றிவிட்டு, திரும்பும் வழியில் கோடம்பாக்கத்தில் இறங்கி இரண்டு எக்ஸ்பிரஸ் பார்த்தேன். மறுபடி தொண்டை கட்டிவிட்டது. மாம்பழச் சூடு.

ஜூன் 24, செவ்வாய்

யாரும் கேட்டிராத குரல் வேண்டும். காலையிலிருந்து பலர் வந்து கிசுகிசுத்தார்கள். ஒருவர் பேய் மாதிரி, ஒருவர் சளி பிடித்த மாதிரி. மூர்த்தி சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் மைக் அருகே தண்ணீர் வைக்க உள்ளே போனேன்.

"சார், சாப்பிட்டீங்களா? மணியாச்சுங்க" என்றேன்.

மைக் திறந்திருந்தது. வெளியே யாரும் அசையவில்லை. இருதயம் அண்ணா சிலிர்த்துப்போன தன் கையை மெல்லத் தேய்த்துக்கொண்டார்.

"அங்கயே நில்லு" என்றார் மூர்த்தி சார். "அந்த வசனத்தைப் படி."

தாளில் இருந்தது: "கதவைச் சாத்திவிட்டாயா? நான் உள்ளேதான் இருக்கிறேன்." திரையில் பயந்து நிற்கிற பெண்ணுக்குக் குரல் கொடுத்தது வத்சலா அம்மா. அவரை எப்படி 'நீ' என்பது? வாய் தானாக மாற்றிக்கொண்டது.

"கதவைச் சாத்திட்டீங்களா? நல்லதுங்க. நான் உள்ளதான் இருக்கேன்."

"நீ, வா, போன்னு சொல்லும்மா! அவ கொலைகாரி!"

மறுபடி முயன்றேன். மறுபடியும் 'ங்க' வந்தது.

"வாழ்க்கையில யாரையாவது நீன்னு கூப்பிட்டிருக்கியா?"

"தங்கச்சி இருந்திருந்தா கூப்பிட்டிருப்பேன் சார்."

"சார், விட்டுடுங்க" என்றார் இருதயம் அண்ணா. "இவ்ளோ மரியாதையா ஒருத்தி கொல்ல வந்தா, நான் இந்த ரூம்லயே இருக்க மாட்டேன்."

மாலைக்குள் எல்லா போன் காட்சிகளும் முடிந்துவிட்டன. பியானோ அம்மாவுக்கும் நானே பேசினேன். நல்ல சமயம். கேட்க நினைத்ததை அப்போதே கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. "டீ சொல்லட்டுங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

வெளியாள் ஒருவரும் பார்க்க வேண்டும் என்றார் ரேணுகா மேடம். ஜெபசீலியைக் கூட்டிப்போனேன். கைகளைக் கட்டிக்கொண்டு, வழக்குக்கு வந்தவள்போல உட்கார்ந்தாள்.

பச்சை போன் ஒலித்தது. "வணக்கங்க. தனியாத்தான் இருக்கீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. ரேணுகா மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். ஜெபசீலி என் கையைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்த இடம் இன்னும் எரிகிறது. கடைசியில் பியானோ அம்மா திரும்பி, "உங்களைத்தாங்க எதிர்பார்த்துட்டு இருந்தேன்" என்றபோது, உதவியாளர் பெண் எழுந்தே போய்விட்டாள்.

பேருந்து நிறுத்தத்தில் ஜெபசீலி என் பக்கம் திரும்பினாள்.

"நான் சொன்னது சொன்னதுதான்ட்டி. இப்பவும் இந்தப் படம் தப்புதான்."

"ம்."

"ஆனா அந்தப் பச்சை போன் பிள்ளை பாஸா, பெயிலா?"

"பாஸ்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பேரு வச்ச, ரிசல்ட்டு குடுத்த, தாழ்ப்பாள் கேக்க வச்ச. ஒருத்தியையும் காப்பாத்தலையேட்டி நீ."

உதட்டுக்குப் பொருத்தமாகச் சொல் எழுதலாம். கதையை மாற்ற எனக்கு அனுமதி இல்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. சாக்காகத் தோன்றியது.

ஜூன் 30, திங்கள்

தேறிவிட்டது. ஐந்து படமும் வருகின்றன. பிரியாணியை மட்டும் எடுத்துவிடச் சொன்னாராம் ரேணுகா மேடம். ரிசல்ட், லூச்சியா, தாழ்ப்பாள் எல்லாம் இருக்கட்டும் என்றாராம். மூர்த்தி சார் பிரியாணிக்காக ஒரு நாள் துக்கம் அனுஷ்டித்தார்.

அப்பாவிடம் நாற்காலி வேண்டாம் என்று போனில் சொன்னேன். ஒரே தடவையில் அவருக்குக் கேட்டது. அம்மா போனை வாங்கி, "இத்தாலிக்காரிங்க பேசுறதெல்லாம் எம்பொண்ணு எழுதறதுதான்னு பாக்டரி பூரா சொல்லிட்டேன்" என்றாள். "சந்தோஷம்மா. கதவைச் சாத்திட்டீங்களா?" என்று அந்தக் குரலில் கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 2, புதன்

இரண்டாவது படம். இதிலும் கொலைகள். ஆனால் கடைசியில் ஒருத்தி சாகவில்லை. கையுறைக்காரனைப் படிக்கட்டிலிருந்து தள்ளிவிடுகிறாள். அவன் செத்துவிட்டான் என்று காலால் தட்டிப் பார்க்கிறாள். பிறகு அந்தப் பெரிய சிவப்பு அறையின் நடுவில் நின்று, கூரையைப் பார்த்து, வாயை முடிந்தமட்டும் திறந்து அலறுகிறாள். நீளமாக. யாரும் ஓடி வந்து வாயைப் பொத்தவில்லை. அதோடு படம் முடிகிறது.

விடுதியில் ஜெபசீலி எட்டிப் பார்த்தாள். இப்போதெல்லாம் துண்டு இல்லாமலே உட்கார்ந்துவிடுகிறாள்.

"இவ எதுக்குட்டி இப்பக் கத்துதா? அதான் அவன் செத்துட்டானே."

"அதான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முன்பு கேட்ட கேள்விக்கு விடை கிடைத்ததுபோல, மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

வத்சலா அம்மாவுக்கு இந்த வாரம் முழுக்கத் தொடர் வேலை. முந்தைய படத்திலிருந்து அவருடைய அலறல் ஒன்றை வெட்டி, அந்தக் கடைசிக் காட்சியில் ஒட்டிவிடலாம் என்றார் மூர்த்தி சார். இருதயம் அண்ணா தேட ஆரம்பித்தார். அது பயந்த அலறல். இந்தப் பெண்ணுடைய வாயில் அது உட்காராது.

ஐஸ்க்ரீம் நான் சாப்பிடவே இல்லை. மாம்பழமும் ஒரே ஒரு துண்டுதான். நடைமேடைக் கடைசியில் நின்று, எக்ஸ்பிரஸ் சத்தத்துக்குள் நான் அலறுவது யாருக்கும் கேட்காது.

கீழே போய்விட்டு, மேலே ஏறி வந்து, கண்ணாடிக் கதவைத் தட்டினேன். இருவரும் திரும்பினார்கள். "என்னம்மா, டீயா?" என்றார் மூர்த்தி சார்.

"டீ இல்லைங்க சார். அந்தக் கடைசி அலறலை நான் போடட்டுங்களா? அண்ணா, மைக்கைக் கொஞ்சம் தள்ளி வெச்சிக்கோங்க. பல் டாக்டர்கிட்ட இப்பதான் சொல்லிட்டு வந்தேன்."